நடுவில் நின்ற நெல்

2010 அக்டோபர் 3, ஞாயிறு

வாத்துகள் இன்றும் என் வீட்டில் முட்டையிடவில்லை. என் கையால் தவிடு தின்று வளர்ந்தவை, ஒன்று விடாமல் பக்கத்து வீட்டுக் குட்டையோரம் போய் இடுகின்றன. பக்கத்து வீட்டுக்காரி அதை வேகவைத்து, எனக்கே இரண்டு கொண்டுவந்து தந்தாள். நன்றி சொல்லி வாங்கிக்கொண்டேன். வேறென்ன செய்ய? வாசலில் ‘தன்னிறைவுத் தோட்டம்’ என்று பலகை மாட்டியிருக்கிறேன். என் மனைவி லம்துவன் அதன்மேல் கால்மிதி காயப்போடுகிறாள்.

ஞாயிற்றுக்கிழமை, சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டு கோயிலுக்குப் போனேன். கிழமைக்கு ஒரு நிறம் என்பது இந்த நாட்டு வழக்கம், பாங்காக்கில் வந்து இறங்கிய நாள் முதல் எனக்கும் பழக்கம். ஏழு நாளுக்கு ஏழு சட்டை, காலையில் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். ஓய்வுபெற்ற வாத்தியார் வினித் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“அப்ப, முடிவு பண்ணிட்டீங்க போல.”

“என்ன முடிவு, வாத்தியாரே?”

“சரி சரி. உங்க மச்சான் பூன்மா சந்தோஷப்படுவாரு.”

இப்போது சிவப்பும் மஞ்சளும் கட்சி நிறங்கள்; பூன்மா சிவப்பு, வாத்தியார் மஞ்சள். நாளைக்குத் திங்கள், மஞ்சள் போடுவேன், அப்போது நீங்கள் சந்தோஷப்படலாம் என்று சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை. சிரித்துவைத்தேன். இந்த ஊரில் இத்தனை வருடம் நான் காலம் தள்ளியதே சிரித்துவைத்துத்தான்.

அக்டோபர் 4, திங்கள்

மஞ்சள் சட்டை. பூன்மா எதிரே வந்தான். வண்டியை நிறுத்தாமல் போனான்.

அக்டோபர் 7, வியாழன்

நேற்றுப் பச்சை போட்டேன். பட்டாளத்துக்கு ஆதரவா என்று பெட்டிக்கடைக்காரி கேட்டாள். இன்று வம்பே வேண்டாமென்று வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. பூன்மா சமையல்கட்டு வரைக்கும் வந்து சிரித்தான்.

“வெள்ளைச் சட்டைக் கூட்டம்னு ஒண்ணு பாங்காக்ல கிளம்பியிருக்காம். அதுல சேந்துட்டியா மாப்ள?”

என்னைவிட ஐந்து வயது சின்னவன். லம்துவனுக்கு அண்ணன் என்பதால் இங்கே அவன்தான் மூத்தவன், நான் மாப்ள. சட்டையே போடாமல் இருந்தால் என்ன கட்சி என்று கேட்டேன். “தொப்பைக் கட்சி” என்றாள் லம்துவன், திரும்பிப் பார்க்காமலே.

பெட்டியின் அடியிலிருந்து ஏசி மெக்கானிக் காலத்துச் சாம்பல் நிறச் சட்டைகளை எடுத்து வைத்தேன். இனி இதுதான் தினமும்.

அக்டோபர் 12, செவ்வாய்

இன்று நடந்ததை ஒழுங்காக எழுதிவைக்க வேண்டும்.

சர்க்கரை ஆலையிலிருந்து ஓர் ஆள் வந்தான். எங்கள் மூன்று ஏக்கரையும் கரும்புக்குக் குத்தகை கேட்டான். வடிகால் அவர்களே வெட்டிக்கொள்வார்களாம். லம்துவன் அவனுக்குப் பாய் போட்டு, குளிர்ந்த தண்ணீர் கொடுத்தபோதே அவள் மனசு எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அவளுக்கு முழங்கால் போய்விட்டது. ராயோங்கில் இருக்கும் மகள் இரண்டு வருடமாகக் கூப்பிடுகிறாள், நாலாவது மாடியில் ஓர் அறை காலியாக இருக்கிறதாம். அந்த அறையை நான் பார்த்திருக்கிறேன். ஒரே ஜன்னல். ஜன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டிடத்தின் ஏசி பெட்டிகள், வரிசையாக, சொட்டிக்கொண்டு. வாழ்நாள் முழுக்க அந்தப் பெட்டிகளுக்குள் தலையை விட்டுக் கிடந்தது போதாதா?

அவன் போன பிறகு கேட்டாள்: “கிழவா, இந்த வயல்ல நீ தனியா என்ன பண்ணிடப் போற?”

“இந்த வருஷ நெல்லைக் களஞ்சியத்துல ஏத்திக் காட்டறேன். அப்புறம் பேசு.”

“ஏத்தலன்னா?”

“ஏத்தலன்னா கரும்பு. ராயோங். நாலாவது மாடி. நான் வாயே திறக்க மாட்டேன்.”

“நீ வாய் திறக்காம இருப்பியா? அதுக்காகவே போகலாம்” என்றாள். ஆனால் கையில் அடித்து ஒத்துக்கொண்டாள். அறுப்பு முடியும்வரை கெடு.

அக்டோபர் 23, சனி

மழைக்கால நோன்பு முடிகிற நாள். கோயில் ஒன்றுதான், பந்தல் இரண்டு. மேற்கே சிவப்பு, கிழக்கே மஞ்சள். பெரிய பிக்கு இரண்டிலும் உட்கார்ந்து இரண்டு பேர் சோற்றையும் சாப்பிட்டார். “மத்தியானத்துக்கு மேல சாப்பிடக் கூடாதுன்னு ஒரு விதி இருக்கே, அது எவ்வளவு நல்ல விதின்னு இன்னைக்குத்தான் புரியுது” என்று வயிற்றைத் தடவிக்கொண்டார். நானும் இரண்டிலும் சாப்பிட்டேன். எனக்கு அந்த விதி இல்லை, ராத்திரியும் சாப்பிட்டேன்.

பூன்மாவும் வாத்தியாரும் ஒரே தூண்டிலில் மீன் பிடித்து வளர்ந்தவர்கள். மே மாதம் பாங்காக்கில் சிவப்புச் சட்டைக்காரர்களைப் பட்டாளம் கலைத்த களேபரத்துக்குப் பிறகு பூன்மாவின் கடைசி மகன் ஒரு காலை இழுத்துக்கொண்டு ஊர் திரும்பினான். வாத்தியார் மகள் வேலை பார்த்த கடை எரிந்துபோனது, அவளும் திரும்பி வந்துவிட்டாள். இரண்டு பேரும் பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை. அதனால்தான் ஓயாமல் அரசியல் பேசுகிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. இவன் வீட்டில் ஒலிபெருக்கி வைத்த ரேடியோ, அவர் வீட்டில் வட்டில் ஆன்டெனா வைத்த டிவி. நடுவில் என் வீடு. ஒரு காதுக்கு ஒரு கட்சி.

நான் இரண்டு பக்கமும் தலையாட்டுகிறேன். வெளியூர்க்காரன், எனக்கெதற்கு? இதுவரை ஒருவர் வாயிலும் விழவில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட.

நவம்பர் 9, செவ்வாய்

நெல் தலை சாய்ந்துவிட்டது. இவ்வளவு நன்றாக விளையும் என்று நானே எதிர்பார்க்கவில்லை. வரப்பில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன், காபி ஆறிப்போனது. (பாக்கெட் காபி. தன்னிறைவில் காபி சேராது என்று எனக்கு நானே விலக்கு கொடுத்திருக்கிறேன். உப்புக்கும், மீன் சாறுக்கும், சிகரெட்டுக்கும் அதே விலக்கு.)

அறுவடை எந்திரம் நம் வயலுக்கு வராது. பள்ள நிலம், போன வருடம் இறங்கிய எந்திரம் புதைந்து, அதை இழுக்க வந்த டிராக்டரும் புதைந்தது. எந்திரக்காரன் என்னைக் கண்டால் சாலையைத் தாண்டிப் போகிறான். கைமாத்து அறுப்பு ஒன்றுதான் வழி. இன்று ஊரே உன் வயலில் இறங்கும், சோறு நீ போட வேண்டும், பிறகு நீ ஒவ்வொருவர் வயலிலும் இறங்கி அந்தக் கைவேலையைத் திருப்ப வேண்டும். முன்னெல்லாம் ஊருக்கு ஒரே கூட்டம். இந்த வருடம் அதுவும் இரண்டு.

பூன்மாவிடம் போனேன்.

“அடுத்த வியாழன் வர்றீங்களா மச்சான்?”

“இதெல்லாம் கேக்கணுமா மாப்ள? நம்ம ஆளுங்க மொத்தமும் இறங்கிடுவோம்.”

மனசு குளிர்ந்துபோயிற்று.

நவம்பர் 12, வெள்ளி

வாத்தியார் வீட்டு வாசலைத் தாண்டும்போது கூப்பிட்டார்.

“வியாழக்கிழமை அறுப்பாமே. எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே பொன்?”

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? ‘மச்சான் ஆட்கள் வருகிறார்கள், நீங்கள் வேண்டாம்’ என்று. சொல்ல முடியுமா? அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு?

“வாங்க வாத்தியாரே. உங்க ஆளுங்களும் வரணும். கண்டிப்பா.”

“தாராளமா வர்றோம்.”

ஆள் அதிகம் வந்தால் அரை நாளில் முடியும். நல்லதுதானே? லம்துவனிடம் சொன்னேன். அரிசி களைந்துகொண்டிருந்தவள் கையை நிறுத்திவிட்டாள். “ரெண்டு பேரையுமா?” என்றாள்.

நவம்பர் 18, வியாழன்

ஒருத்தரும் வரவில்லை.

நேற்றே ஒட்டரிசி ஊறவைத்து, விடியுமுன் எழுந்து மூன்று அடுப்பு மூட்டி வேகவைத்தோம். மூங்கில் குருத்துக் குழம்பு ஓர் அண்டா. கொத்துக்கறி, இடித்த பப்பாளிக்காய், எல்லாம் நாற்பது பேருக்கு. லம்துவன் அந்தக் காலை வைத்துக்கொண்டு படி ஏறி இறங்கினாள். நான் வரப்பில் பாய் விரித்தேன். ஏழு மணி. எட்டு. ஒன்பது மணிக்கு ஒரு நாய் வந்தது.

நேரே பூன்மா வீட்டுக்குப் போனேன்.

“வாத்தியார் கூட்டம் வருதுன்னு கேள்விப்பட்டோம். அவங்க வர்ற எடத்துல நாங்களும் வந்து நின்னா உனக்குத்தானே சங்கடம்? அதான் பெருந்தன்மையா விட்டுக் குடுத்துட்டோம்.”

வாத்தியார் வீட்டுக்குப் போனேன்.

“மச்சான் ஆளுங்க வர்றதா சொன்னாங்க. குடும்ப விஷயம். நடுவுல நாங்க வந்தா உங்களுக்குச் சங்கடம் பாருங்க. மரியாதையா ஒதுங்கிட்டோம்.”

இரண்டு பேர் முகத்திலும் அதே சிரிப்பு. என்னைக் காப்பாற்றிவிட்ட சிரிப்பு! எவனாவது என்னைத் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. மரியாதை பண்ணியே கொல்றாங்களே. வர மாட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? சொல்ல மாட்டாங்க. இந்த ஊர்ல எவனுக்கும் ‘மாட்டேன்’ங்கிற வார்த்தையே வாயில வராது. எனக்கும்தான் வரலையே, வாத்தியார்கிட்ட! நானும் இவங்கள மாதிரியே ஆயிட்டேன், ஆனா இவங்கள்ல ஒருத்தனாகல. அதுதான் தாங்கல.

இனி இரண்டு கூட்டமும் வரிசைப்படி அவரவர் ஆட்கள் வயலுக்குப் போகிறது. எனக்கு முறை மாசக் கடைசியில்தானாம். செவ்வாய்க்கிழமை பெருமழை என்று ரேடியோவிலும் சொல்கிறார்கள், டிவியிலும் சொல்கிறார்கள். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் இரண்டு பக்கமும் ஒத்துப்போகிறது. மழை பெய்தால் பள்ள நிலத்தில் நெல் படுத்துவிடும். அங்கேயே முளைத்துவிடும்.

லம்துவன் மகளுக்குப் போன் போட்டு, அந்த அறையில் வெயில் எந்தப் பக்கம் வரும் என்று கேட்டுக்கொண்டிருந்தாள். மெதுவாகத்தான் பேசினாள், எனக்குக் கேட்கக் கூடாதென்று.

நவம்பர் 19, வெள்ளி

வாத்துகள் மூங்கில் குழம்பு சாப்பிடாது. தெரிந்துகொண்டேன்.

நவம்பர் 20, சனி

தன்னிறைவு என்று பலகை மாட்டினவன் தானே அறுத்தால் என்ன?

விடிந்ததும் அரிவாளோடு இறங்கினேன். அறுப்பு எனக்குத் தெரியாததல்ல. கூட்டத்தோடு கூட்டமாக வருடா வருடம் அறுத்திருக்கிறேன். கூட்டத்தில் நான் எவ்வளவு மெதுவாக அறுக்கிறேன் என்பது தனியாக நின்றபோதுதான் தெரிந்தது. சாலையில் போகிறவர்கள் வண்டியை நிறுத்திப் பார்த்தார்கள். “உடம்ப பாத்துக்குங்க பொன் மாமா!” என்று அன்பாகக் கத்திவிட்டுப் போனார்கள்.

சாயங்காலம் திரும்பிப் பார்த்தேன். ஒரு கல்யாணப் பந்தல் போடுகிற இடம் அறுபட்டிருந்தது. கட்டின கட்டுகளில் பாதி அவிழ்ந்துவிட்டன.

நவம்பர் 21, ஞாயிறு

பௌர்ணமி. ஊர் முழுக்க வாழைத்தண்டில் தெப்பம் செய்து குளத்தில் விடப் போயிருக்கிறது. நான் போகவில்லை. குனிந்தவன் நிமிர முடியவில்லை.

மத்தியானம் முதுகுக்குப் பின்னால் சத்தம் கேட்டது. லம்துவன். தரையில் உட்கார்ந்தபடியே நகர்ந்து நகர்ந்து, நான் கட்டியதையெல்லாம் அவிழ்த்து மறுபடி கட்டிக்கொண்டிருந்தாள்.

“காலு?” என்றேன்.

“காலால கட்டல.”

இந்த நெல் போனால் பந்தயத்தில் அவள் ஜெயித்ததாக அர்த்தம் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் கட்டினாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வியர்வை என்று சொன்னேன். நம்பினாளோ என்னவோ.

நவம்பர் 22, திங்கள்

விரலை மடக்க முடியவில்லை, எழுத்துக் கோணல்மாணலாக வருகிறது, இருந்தாலும் எழுதியே தீருவேன்.

காலையில் அறுத்துக்கொண்டிருந்தேன். மேற்கு வரப்பில் பூன்மாவின் மனைவி தோங்பை இடுப்பில் கை வைத்து நின்றாள்.

“நெல்லு அறுக்கறீங்களா, சவரம் பண்றீங்களா? மூணு நாளா ரோட்டுல போக முடியல, கண்ணு வலிக்குது! தள்ளுங்க அந்தப் பக்கம்.”

“இன்னைக்கு உங்க வயல்லதானே அறுப்பு?”

“எங்களுது மேட்டு நிலம். நாளைக்கும் நிக்கும். உங்களுது நாளைக்குக் குளம்.”

இறங்கிவிட்டாள். அவளைத் தேடிக்கொண்டு பூன்மா வந்தான். பூன்மாவைத் தேடிக்கொண்டு அவன் வயலுக்கு வந்திருந்த கூட்டம் மொத்தமும் வந்தது. கோயில் பக்கம் அறுத்துக்கொண்டிருந்த வாத்தியார் கூட்டத்துக்கு அது தெரிந்திருக்க வேண்டும். ‘அவங்க இறங்கிட்டாங்க, நாம பாத்துக்கிட்டு நிக்கிறதா’ என்று அங்கே பேச்சு வந்திருக்க வேண்டும். ஒன்பது மணிக்குள் கிழக்கு வரப்பில் வாத்தியார் தன் படையோடு நின்றார்.

“தற்செயலா இந்தப் பக்கம் வந்தோம்” என்றார். இருபது பேர், எல்லார் கையிலும் அரிவாள், தற்செயலாக.

பிறகு பார்க்க வேண்டுமே! மேற்கிலிருந்து ஒரு கூட்டம், கிழக்கிலிருந்து ஒரு கூட்டம். ஒருவரையொருவர் பார்க்கவில்லை, ஆனால் ஒரு கண் எப்போதும் எதிர்ப்பக்கத்தில். அந்தப் பக்கம் வேகம் கூடினால் இந்தப் பக்கமும் கூடியது. ஒருத்தரும் சிகரெட்டுக்குக்கூட நிற்கவில்லை. நான் தண்ணீர்க் குடத்தோடு இரண்டு பக்கமும் ஓடினேன். கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை என்பார்கள். எனக்குக் கால் மட்டும் ஓடியது.

இதில் நான் ஒரு கூத்து அடித்தேன். வெயிலுக்கும் சுணைக்கும் எல்லாரும் முகத்தைத் துணியால் சுற்றிக் கண்ணை மட்டும் விட்டிருந்தார்கள். சேற்று வேலைக்கு யார் நல்ல சட்டை போடுவார்? உரக் கம்பெனியும் விதைக் கம்பெனியும் சும்மா கொடுத்த சட்டைகள்தான், எந்த நிறமாக இருந்தால் என்ன. மஞ்சள் சட்டையில் குனிந்திருந்த ஒருவரிடம் போய்த் தண்ணீர் கொடுத்து, “நல்லவேளை வந்தீங்க வாத்தியாரே, எங்க மச்சான் கூட்டத்தை நம்பினா விடிஞ்சிடும்” என்றேன், நைச்சியமாக.

துணி கீழே இறங்கியது. பூன்மா.

“குடிச்சிட்டேன் மாப்ள. இந்தா சொம்பு. போய் அந்தச் சிவப்புச் சட்டைக்காரர்கிட்ட என்னைப் பத்தியும் நாலு வார்த்தை நல்லதா சொல்லு.”

சிவப்புச் சட்டைக்காரர் வாத்தியார். நான் வாயைத் திறக்காமல் சொம்பை மட்டும் நீட்டினேன். பக்கத்தில் இருந்த பெண்கள் எல்லாவற்றையும் கேட்டிருந்தார்கள். மேற்கில் ஆரம்பித்த சிரிப்பு கிழக்கு வரைக்கும் போனது.

மத்தியானம் இரண்டு கூட்டமும் நின்றுவிட்டன. நடுவில் ஒரு பட்டை நெல், நாலு மாட்டு வண்டி அகலம், இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரைக்கும். அதை அறுத்தால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டும். அவரவர் வரப்பில் போய் உட்கார்ந்தார்கள். வடக்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. அந்தப் பட்டையையும் நானே அறுத்துவிடலாமா? ரெண்டு நாளாகும். யாரைக் கூப்பிட? ஒருவரைக் கூப்பிட்டால் மற்றவர் ‘பெருந்தன்மையாக’ எழுந்து போய்விடுவார். அது எனக்கு இப்போது நன்றாகவே தெரியும்.

லம்துவன் தள்ளுவண்டியில் சோற்றுக்கூடைகளும் குழம்பு அண்டாவும் கொண்டுவந்தாள். வேறென்ன சமைக்க நேரம்? மறுபடியும் மூங்கில் குழம்புதான். மேற்கையும் பார்த்தாள், கிழக்கையும் பார்த்தாள். பிறகு நேரே போய் அந்தப் பட்டைக்கு முன்னால் அண்டாவை இறக்கி, அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

“எனக்கு முட்டி வலி. ரெண்டு எடத்துக்குத் தூக்கிட்டு நடக்க முடியாது. ஒரே அண்டா, ஒரே கரண்டி. வேணும்கிறவங்க வந்து வாங்கிக்குங்க. வேண்டாம்னா வாத்துக்கு ஊத்தறேன்.”

சும்மா சொன்னாள், வாத்து அதைத் தொடாது. ஆனால் அவள் குழம்பை வேண்டாம் என்று அவள் முகத்துக்கு நேரே சொல்ல இந்த ஊரில் ஒருவருக்கும் வாய் வராது. முதலில் தோங்பை வந்தாள். பிறகு வாத்தியார் மகள். பிறகு எல்லாரும். வட்டமாகக் குந்தி உட்கார்ந்து சாப்பிட்டார்கள். பூன்மா சோற்றுக்கூடையைத் தேடினான். அது வாத்தியார் பக்கத்தில் இருந்தது. அவர் அவனைப் பார்க்காமலே அதைத் தள்ளினார்.

“பையன் கால் எப்படி இருக்கு?” என்று கேட்டார், குழம்பைப் பார்த்தபடி.

“நடக்கறான்.” பூன்மா ஓர் உருண்டை சோறு பிடித்துவிட்டு, “பொண்ணுக்கு வேலை?”

“பாத்துக்கிட்டிருக்கா.”

அவ்வளவுதான் பேச்சு. கை கழுவிவிட்டு எழுந்தவர்கள் யார் எந்தப் பக்கம் என்று பார்க்காமல் அந்தப் பட்டைக்குள் இறங்கினார்கள். இருட்டுமுன் கடைசிக் கட்டு களஞ்சியத்துக்குள் போய்விட்டது. இப்போது ஒரு பக்கம் ரேடியோ, ஒரு பக்கம் டிவி, வழக்கம்போல. இன்னும் கொஞ்சம் சத்தமாகவே வைத்திருக்கிறார்கள்.

நவம்பர் 23, செவ்வாய்

மழை. அறுத்த வயலில் வெறும் தாளின்மேல் பெய்கிறது. பெய்யட்டும்.

நவம்பர் 26, வெள்ளி

பூன்மா வயல். கைமாத்துத் திருப்ப வேண்டுமே. நாள் முழுக்க மஞ்சள்காரர்களைப் பற்றிக் கேட்டேன்.

நவம்பர் 27, சனி

வாத்தியார் வயல். நாள் முழுக்கச் சிவப்புக்காரர்களைப் பற்றிக் கேட்டேன். நேற்று வரைக்கும் தலையாட்டினேன். இன்று, “அப்படியில்ல வாத்தியாரே, அது தப்பு” என்று ஒரு தடவை சொல்லிவிட்டேன். வரிசையில் எல்லா அரிவாளும் நின்றன. “என்ன தப்பு, சொல்லுங்க பாப்போம்” என்று பிடித்துக்கொண்டார். சாயங்காலம் வரைக்கும் விடவில்லை. தொண்டை கட்டிவிட்டது.

டிசம்பர் 2, வியாழன்

இன்னும் எத்தனை வயல் பாக்கி என்று நினைத்தாலே இடுப்பு வலிக்கிறது. மேற்கில் இருபது வீடு, கிழக்கில் இருபது வீடு. ஒரு கூட்டம் மட்டும் வந்திருந்தால் பாதியோடு போயிருக்கும். லம்துவனுக்குப் பதிலாகவும் நான்தான் போக வேண்டும்.

கரும்பைப் பற்றி அவள் பேச்சே எடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருக்கிறது. நெல் ஏறிவிட்டது, வாஸ்தவம். ஆனால் தனியாகவா ஏற்றினேன்?

டிசம்பர் 7, செவ்வாய்

குப்புறப் படுத்துக் கிடந்தேன், முதுகில் தைலம். கீழே வண்டிச் சத்தம். ஆலை ஆள் வந்துவிட்டான். ஒப்பந்தத் தாளோடு வந்திருப்பான். எழுந்திருக்கப் பார்த்தேன், முடியவில்லை. தரைப் பலகை இடுக்கு வழியே லம்துவனின் தலை மட்டும் தெரிந்தது.

“என்னம்மா, முடிவு பண்ணியாச்சா?” என்றான்.

“எப்படிப்பா குடுக்கிறது? ஊர் பூரா கைமாத்து பாக்கி இருக்கு. இத வச்சுக்கிட்டு கிளம்பிப் போனா நாளைக்கு நாங்க செத்தா தூக்க வருவாங்களா?”

“எப்ப முடியும்? முடிஞ்ச பிறகு வர்றேன்.”

“முடியும், இந்த அறுப்புக் காலத்துக்குள்ள அடிச்சுப் பிடிச்சு முடிச்சிடுவாரு. ஆனா அடுத்த அறுப்புக்கும் இவங்களத்தானே கூப்பிடணும்? அப்ப மறுபடியும் பாக்கி வந்துடும்ல?”

அவன் தாளை மடக்குகிற சத்தம் கேட்டது. யோசித்துப் பார்த்திருப்பான்.

“அப்ப இது முடியவே முடியாதேம்மா.”

“அதத்தாம்ப்பா நானும் சொல்றேன்” என்றாள். “தண்ணி குடிக்கிறியா?”